ஒரு நாளைக்கு நாப்பது மெயில் வருது, ஒரு ஆர்டர் வரலியே அக்கா

வாசகி கேள்வி: அக்கா, எங்க அப்பா திருநெல்வேலி பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல 22 வருஷமா ஸ்டீல் பட்டறை வச்சிருக்காங்க. ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபத்துக்கு அடுப்பு, தோசைக்கல்லு ஸ்டாண்டு, இட்லி ஸ்டீமர், எக்ஸாஸ்ட் ஹூட், சிங்க் எல்லாம் செஞ்சு குடுக்கோம். ஆர்டர் பிடிக்கிற வேலைய ரெண்டு வருஷமா நான்தான் பாக்கேன். ஒரு வீடியோ பாத்துட்டு கூகுள் அலர்ட்ஸ் 14 போட்டு வச்சேன். நாளைக்கு நாப்பது மெயில் வருது, மூணு மாசத்துல ஒரு ஆர்டர்கூட வரல. போன மாசம் வந்ததுல இருபது தலைப்ப தனியா காப்பி பண்ணி அனுப்பியிருக்கேன், நீங்களே பாருங்க, எல்லாம் குப்பை. இத நிறுத்திட்டு மாசாமாசம் பணம் கட்டி லீட், அதான் சாமான் வேணும்னு கேக்குறவங்க நம்பரு, வாங்கலாமா? அப்பா "பழைய பார்ட்டிங்க போதும்"ங்காங்க.

பதில்:

தங்கச்சி, நீங்க குப்பைன்னு அனுப்புன இருபதையும் நேத்து ராத்திரி உக்காந்து ஒண்ணொண்ணா படிச்சேன். பத்தொம்பது குப்பைதான், ஒத்துக்கிடுதேன். டாடா ஸ்டீல் ஷேர் விலை இருக்கு, மாடுலர் கிச்சனுக்கு என்ன கலர் நல்லாருக்கும்னு யாரோ எழுதுனது இருக்கு, நெல்லு கொள்முதல் நிலைய செய்தி மட்டும் மூணு இருக்கு. ஆனா பதினொண்ணாவது தலைப்ப நீங்க சரியா படிக்கல. வள்ளியூர் பக்கம் ஒரு நர்சிங் காலேஜ்ல மாணவியர் விடுதி கட்ட பூமி பூஜை போட்டிருக்காங்க, 300 பேரு தங்குத மாதிரி. அத எப்பிடிம்மா குப்பையில தள்ளுனீங்க? 300 பிள்ளைங்களுக்கு மூணு வேளை சோறு பொங்கணும், காலையில இட்லி அவிக்கணும், மாவு ஆட்டணும், 300 தட்டு கழுவணும், அதுக்கு சிங்க் வேணும், புகை போக ஹூட் வேணும். உங்க அப்பா பட்டறையில செய்யுத சாமான் அம்புட்டும் அந்த ஒத்த வரிக்குள்ள இருக்கு. அதுல ஸ்டீல்ங்குற வார்த்தை இல்ல, கிச்சன்ங்குற வார்த்தை இல்ல, அதனால கண்ணு தாண்டிப் போயிட்டு. நீங்க "விடுதி"ன்னு ஒத்த வார்த்தையில ஒரு அலர்ட் போட்டிருந்தீங்கள்லா, அதுலதான் இது மாட்டியிருக்கு.

உங்க கேள்விக்கு வாரேன், அதுக்கு முந்தி இத சொல்லிக்கிடுதேன். அலர்ட்டுன்னா பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல, நாம ஒரு வார்த்தைய குடுத்து வச்சா கூகுள் கண்ணுல புதுசா படுற பக்கத்துல அந்த வார்த்தை இருந்துதுன்னா நமக்கு மெயில் தட்டும். 2003ல இருந்து நடக்கு, காசு கிடையாது. நீங்க குடுத்த வார்த்தையில முக்காவாசி நீங்க விக்கிற பொருளோட பேரு, கமர்ஷியல் கிச்சன், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஃபேப்ரிகேஷன், ஹோட்டல் அடுப்பு இப்பிடி. இந்த வார்த்தையெல்லாம் நெட்ல யாரு எழுதுவா சொல்லுங்க, உங்கள மாதிரி விக்கிறவங்கதான் எழுதுவாங்க, அதனால உங்களுக்கு வர்றதெல்லாம் கோயம்புத்தூர்க்காரங்க, டெல்லிக்காரங்க விளம்பரம். வாங்கப்போற மனுஷன் எனக்கு டில்டிங் கிரைண்டர் வேணும்னு எங்கயும் எழுதி வைக்கமாட்டாரு, மேஸ்திரிட்ட கேப்பாரு, இல்லன்னா மச்சினன் ஹோட்டலுக்கு யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு விசாரிப்பாரு. ஆனா அவரு பூமி பூஜை போட்டா பேப்பர்ல போட்டோவோட வரும், பேங்க் லோன் வாங்கி ஹோட்டல் கட்டுனா எம்எல்ஏவ கூப்புடுவாரு, அதுவும் வரும். அவருக்கு உங்க சாமான் தேவைப்படுததுக்கு முந்தி அவரு வாழ்க்கையில என்ன நடக்கும்னு யோசிச்சு, அந்த நடப்புக்கு உள்ள வார்த்தைய குடுங்க. நம்ம தொழிலுக்கு அலர்ட்டால உள்ள பிரயோஜனம் இதுதான், 18 வருஷம் சேல்ஸ்ல அலைஞ்சு நான் தெரிஞ்சுக்கிட்டது.

அதுலயும் எந்த நேரத்துக்கு உள்ள வார்த்தைங்கிறது முக்கியம். திறப்பு விழா செய்திய பாத்துட்டு போனீங்கன்னா அங்க எக்ஸாஸ்ட் ஓடிக்கிட்டிருக்கும். தூத்துக்குடி வின்ஃபாஸ்ட் கார் கம்பெனிய எடுத்துக்கிடுங்க, 2024 பிப்ரவரி 25 அடிக்கல் நாட்டுனாங்க, 2025 ஆகஸ்ட் 4 திறந்தாங்க, நடுவுல 17 மாசத்துக்கு மேல கெடந்திருக்கு. அவ்வளவு பெரிய எடத்துல சோத்துக்கடை, கேன்டீன், டீ கவுன்டர்னு யாரு யாரெல்லாம் உள்ள போகணுமோ அவங்க பேச்சுவார்த்தைய முடிக்கணும்னா அது அந்த நடுவுல உள்ள காலத்துலதான் இருக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் அப்பிடித்தான், 2022 செப்டம்பர் 15 மதுரையில தொடங்குனாங்க, 2023 ஆகஸ்ட் 25 எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் கொண்டுபோனாங்க, ஆனா எல்லாத்துக்கும் கொண்டுபோவோம்னு அந்த வருஷம் மார்ச் பட்ஜெட்லயே சொல்லியாச்சு. அஞ்சு மாசம் முந்தியே செய்தி வெளிய வந்துட்டு. அதனால "திறப்பு விழா"ங்குற வார்த்தைய தூக்கிப் போட்டுட்டு "பூமி பூஜை", "அடிக்கல்", "கட்டுமானப் பணி", "நிதி ஒதுக்கீடு" இத வைங்க.

எனக்கு இது ஒரு அடி வாங்கின பெறகுதான் உறைச்சுது. 2013ல ஒரு கோல்டு ரூம் (குளிர்பதன அறை) பேனல் கம்பெனிக்கு நெல்லை, தூத்துக்குடி, குமரி மூணுக்கும் நான் சேல்ஸ் பாத்தேன். தூத்துக்குடியில ஒரு மீன் ஏற்றுமதிக்காரர் புது யூனிட்டுக்கு பூஜை போட்ட செய்தி அலர்ட்ல வந்துது, வந்த அன்னைக்கே பாத்துட்டேன், நோட்டுல குறிச்சும் வச்சேன். கட்டடம் எழும்பட்டும், இப்பமே போய் என்ன பேசன்னு அஞ்சு மாசம் விட்டுட்டேன். அப்பறம் ஒரு நாள் மத்தியானம் போனா, சுவர் எழும்பி கூரை போட்டு ரூம் ரூமா பிரிச்சிருந்தாங்க. அதுல ஒரு ரூம்ல மட்டும் தரைய ஏழு இஞ்சு எறக்கி விட்டிருந்தாங்க, ஓரத்துல நூல் கட்டி ஒரு பையன் டேப்ப பிடிச்சுக்கிட்டு நிக்கான். எனக்கு அந்த பள்ளத்த பாத்ததும் புரிஞ்சு போச்சு. கோல்டு ரூமுக்கு தரைக்கு அடியில தெர்மோகோல் ஷீட் மாதிரி இன்சுலேஷன் வரும், அதுக்குத்தான் தரைய எறக்குவாங்க, சும்மா எந்தக் கொத்தனாரும் எறக்கமாட்டான், யாரோ ட்ராயிங் குடுத்திருக்கணும். மேஸ்திரிட்ட கேட்டேன். "கோயம்புத்தூர்ல இருந்து வந்து அளவெடுத்து குடுத்துட்டுப் போய் நாலு மாசம் ஆச்சேம்மா"ன்னாரு. நான் நோட்டுல எழுதி வச்ச மறு மாசமே அவங்க வந்திருக்காங்க. என் விலைய யாரும் கேக்கவே இல்ல, கேக்குறதுக்கு எடமே இல்லாம போச்சு. இன்னைக்கும் தூத்துக்குடி பைபாஸ்ல போனா அந்த கட்டடத்த திரும்பிப் பாப்பேன்.

உங்க தொழில்லயும் அந்தப் பள்ளம் மாதிரி ஒண்ணு இருக்கு. தரைக்கு சரிவு, புகை போற டக்ட் குழாய்க்கு சுவர்ல ஓட்டை, கழுவுத தண்ணியில உள்ள எண்ணெய்ப் பிசுக்க பிடிச்சு வைக்குத கிரீஸ் ட்ராப் குழி. டைல்ஸ் ஒட்டுததுக்கு முந்தி இதெல்லாம் யாரு சொல்லிக் குடுக்காங்களோ, சாமானும் அனேகமா அவங்கட்டதான் போகும்.

இனி வார்த்தைய எப்பிடி குடுக்கணும்னு பாப்போம், தமிழ்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு, எந்த வீடியோவுலயும் சொல்ல மாட்டாங்க. நம்ம பேப்பர்க்காரங்க தலைப்புல திருநெல்வேலின்னு முழுசா எழுதுததவிட "நெல்லை"ன்னு எழுதுததுதான் ஜாஸ்தி, பாளையங்கோட்டைக்கு "பாளை", கன்னியாகுமரிக்கு "குமரி". நீங்க திருநெல்வேலின்னு மட்டும் போட்டா பாதி செய்தி போயிரும். சரி நெல்லைன்னு போடுவோம்னு போட்டா, "விவசாயிகளிடமிருந்து நெல்லை கொள்முதல் செய்ய"ன்னு தஞ்சாவூர் செய்தி வந்து நிக்கும், ஏன்னா அதுக்கு நெல்லுக்கும் நெல்லைக்கும் வித்தியாசம் தெரியாது. உங்க லிஸ்ட்ல வந்த மூணு கொள்முதல் செய்தியும் இந்த வழியா வந்ததுதான். வேண்டாத வார்த்தைய தள்ளுததுக்கு மைனஸ் குறி இருக்கு, அத போட்டு, இடைவெளி விடாம ஒட்டி "கொள்முதல்"னு எழுதுங்க, இன்னொரு மைனஸ் போட்டு "எக்ஸ்பிரஸ்"னு எழுதுங்க, ரயில் செய்தியும் போயிரும். இங்கிலீஷ்ல போடுற அலர்ட்டுக்கு மைனஸ் அல்வா கண்டிப்பா வேணும், நம்ம ஊரப்பத்தி எவன் எழுதுனாலும் அல்வா இல்லாம எழுதமாட்டான்.

அடுத்தது விகுதி. டபுள் கோட்ஸ்க்குள்ள "அடிக்கல் நாட்டு விழா"ன்னு போட்டா அந்த மூணு வார்த்தையும் அப்பிடியே வரிசையா இருக்குறதத்தான் தேடும், "அடிக்கல் நாட்டினார்", "அடிக்கல் நாட்டப்பட்டது" எல்லாம் தப்பிச்சு போயிரும். அதனால கோட்ஸ்க்குள்ள "அடிக்கல்" மட்டும் போதும். ஊர்ப் பேரையும் "நெல்லை", "நெல்லையில்", "பாளை", "பாளையில்"னு தனித்தனியா எழுதி நடுவுல ஓ ஆர்னு இங்கிலீஷ் பெரிய எழுத்துல போடுங்க, சின்ன எழுத்துல போட்டா அது வேலைக்கு ஆகாது. இங்கிலீஷ்ல எழுதும்போது எழுத்துக்கூட்டல பாருங்க, திருநெல்வேலிக்கு டி மட்டும் போடுதவங்க உண்டு, டிஎச் போடுதவங்க உண்டு, பாளையங்கோட்டைக்கு நடுவுல எம் போடுதவங்க உண்டு, என் போடுதவங்க உண்டு, தூத்துக்குடிய இன்னும் டூட்டிகோரின்னு எழுதுதவங்க நெறைய. எல்லாத்தையும் ஓ ஆர் போட்டு கோத்து விடுங்க.

ஆக, 14 அலர்ட் வேண்டாம், ஆறு போதும். விடுதி பூமி பூஜைக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரி அடிக்கல்லுக்கு ஒண்ணு, கல்யாண மண்டபத்துக்கு ஒண்ணு, கோயில் அன்னதானக் கூடத்துக்கு ஒண்ணு, கங்கைகொண்டான் சிப்காட்ல வர்ற கம்பெனிங்களுக்கு இங்கிலீஷ்ல ஒண்ணு, உங்க பட்டறை பேருக்கு ஒண்ணு. அன்னதானத்த லேசா எடுக்காதீங்க, திருச்செந்தூர்ல 2021ல இருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்கு, நம்ம சுத்துவட்டாரத்துல எந்தக் கோயில்ல புதுசா கூடம் கட்டுனாலும் பெரிய பர்னரும் பெரிய பாத்திரமும் வேணும்.

செட்டிங்ஸ்ல நாலு விஷயம்தான். மொழி இங்கிலீஷ்னு இருந்தா தமிழ் செய்தி வராது, தமிழ் அலர்ட்டுக்கு "எந்த மொழியும்"னு மாத்துங்க. ஏரியா இந்தியா. "சிறந்த முடிவுகள் மட்டும்"னு இருக்குறத "எல்லா முடிவுகளும்"னு மாத்துங்க, ஏன்னா கூகுளுக்கு சிறந்ததுன்னா பெரிய பேப்பர், நமக்கு வேண்டியது ஏதோ ஒரு சின்ன லோக்கல் நியூஸ் சைட்டுல நாலு வரி. அப்பறம் அந்த பல்சக்கர பட்டன அமுக்குனா டைஜஸ்ட்னு ஒண்ணு இருக்கும், எல்லா அலர்ட்டையும் ஒரே மெயிலா சேத்து நாளைக்கு ஒருவாட்டி நீங்க சொல்லுத நேரத்துல அனுப்பும். காலையில ஏழரைக்கு வைங்க, பட்டறை தொறக்குறதுக்கு முந்தி டீயோட பாத்து முடிச்சிரலாம், நாப்பது மெயில் கத ஒண்ணாயிரும். ஒவ்வொரு அலர்ட்டும் சேவ் பண்ணுததுக்கு முந்தி கீழ மாதிரி காட்டும், அதுல மொதல் பத்த படிச்சுப் பாத்து குப்பையா இருந்தா அங்கனயே மைனஸ் போட்டு சரி பண்ணிக்கிடுங்க. வர்ற செய்தியில தேதியையும் பாருங்க, ரெண்டு வருஷம் பழைய பக்கம்கூட சில நேரம் புதுசு மாதிரி வந்து நிக்கும்.

மெயில பாத்தாச்சு, இனி என்ன பண்ண? இங்கதான் நெறைய பேரு கெடுத்துக்கிடுதாங்க. போன் அடிச்சு "சார் உங்க நியூஸ் பாத்தேன், கோட்டேஷன் அனுப்பவா"ன்னா அந்த வாரத்துல அவருக்கு அது எத்தனாவது போனோ, கம்பி கடைக்காரன், டைல்ஸ்காரன், லிஃப்ட்காரன் எல்லாரும் அதத்தான் கேட்டிருப்பாங்க. நீங்க விலையப்பத்தி பேச்ச எடுக்காதீங்க. "விடுதியில சமையல்கூடம் எந்தப் பக்கம் வருது, கழுவுத தண்ணி போக தரைக்கு சரிவு எங்க விடுதீங்க, சிலிண்டர் ரூம் வெளிய தனியா விட்டிருக்கா, ஹூட்டுக்கு டக்ட் போக சுவர்ல எடம் விட்டிருக்கா"ன்னு கேளுங்க. அவருக்கு தெரியாது, இன்ஜினியர்ட்ட கேளுங்கம்பாரு, நம்பர் குடுப்பாரு. நமக்கு வேண்டியது அந்த நம்பர்தான். இன்ஜினியர்ட்ட, நான் வந்து அளவு பாத்து ஒரு லேஅவுட் சும்மா போட்டுத் தாரேன், எங்கட்ட வாங்குனாலும் வாங்காட்டாலும் வச்சுக்கிடுங்கன்னு சொல்லுங்க, மனசாரச் சொல்லுங்க. டைல்ஸ் ஒட்டுன பெறகு சுவர உடைச்சு டக்ட் விட்ட அனுபவம் எல்லா இன்ஜினியருக்கும் இருக்கும். உங்க அப்பா 22 வருஷமா கையில வச்சிருக்குற அறிவு இதுதான், அது எந்த இங்கிலீஷ் பிரவுச்சர்லயும் கெடையாது. இன்னொண்ணு, கெடச்ச நம்பரையெல்லாம் சேத்து வச்சு வாட்ஸ்அப்ல ஒரே மெசேஜ அள்ளி வீசாதீங்க, பல்க் எஸ்எம்எஸ் அனுப்பணும்னா தொலைத்தொடர்பு ஆணையம் டிராய் விதிப்படி டிஎல்டின்னு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் வேற வேணும், நமக்கு அது தேவையே இல்ல. மாசம் நாலு எடம், நாலு எடத்துக்கும் நேர்ல போங்க.

அலர்ட் பாக்காத எடமும் இருக்கு. வாட்ஸ்அப் குரூப், பூட்டி வச்ச ஃபேஸ்புக் குரூப், பாஸ்வேர்டு கேக்குற பக்கம் ஒண்ணும் அதுக்கு தெரியாது. பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல வர்ற ஓர செய்தி எல்லாம் நெட்ல ஏறுததில்ல, அதனால டீக்கடையில கெடக்குற பேப்பர விடாதீங்க. அரசு டெண்டர அலர்ட்ட நம்பி இருக்கக்கூடாது, தமிழ்நாடு டெண்டர் போர்ட்டல்லயும் மத்திய அரசு சாமான் வாங்குத ஜெம் போர்ட்டல்லயும் வாரத்துக்கு ஒருநாள் நேரடியா போய் தேடணும். உங்க பட்டறை பேருக்கு போடுத அலர்ட் ஆர்டருக்கு இல்ல, யாராவது ஒரு ஹோட்டலப் பத்தி எழுதும்போது கிச்சன் நெல்லையில செஞ்சதுன்னு உங்க பேர போட்டா அது உங்களுக்கு தெரியணும்லா, தெரிஞ்சா அவங்களுக்கு ஒரு நன்றி சொல்லி போன் நம்பரையும் சேக்கச் சொல்லலாம். கூகுள் மேப்ல வர்ற ரிவ்யூ இதுல வராது, அத தனியா பாக்கணும்.

லீட் வாங்கலாமான்னு கேட்டீங்க. என் அபிப்பிராயம், இப்பம் வேண்டாம். காசுக்கு விக்கிற லீட் உங்க ஒருத்தருக்கு மட்டும் வர்றதில்ல, அதே நம்பர் அஞ்சாறு பேருக்கு போகும், அவரும் அஞ்சாறு பேர்ட்ட விலை கேட்டு யாரு கம்மின்னு பாப்பாரு, அந்தச் சண்டையில நல்ல ஸ்டீலான 304 கிரேடு ஷீட் போடுதவன் விலை கம்மியான 202 கிரேடு போடுதவன்ட்ட தோத்துப் போவான். உங்க அப்பா 202 போடமாட்டாங்கன்னு நீங்க எழுதுன விதத்துலயே தெரியுது. ஆறு அலர்ட்டையும் ரெண்டு மாசம் ஓட்டுங்க, எத்தன செய்தி வந்துது, எத்தன எடத்துக்கு போனீங்க, எத்தன இன்ஜினியர் நம்பர் கெடச்சுதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, ஆர்டர கணக்குப் பண்ணாதீங்க, ஒரு கட்டடம் சமையலறை வரைக்கும் எழும்ப ஆறேழு மாசம் ஆகும், நீங்க மூணு மாசத்துல ஆர்டர் வரலன்னு வருத்தப்படுதீங்க. பழைய பார்ட்டி போதும்னு அப்பா சொல்லுததும் முழுசா தப்பு இல்ல. பழைய பார்ட்டிங்க பேர எழுதி அவங்க புது பிராஞ்ச் போடுதாங்களான்னு ஏழாவதா ஒரு அலர்ட் வைங்க, அப்பாவுக்கும் மனசு ஆறும்.

வள்ளியூர் செய்தியோட தேதிய பாத்தேன், இன்னைக்கோட 19 நாள்தான் ஆகுது. பேஸ்மென்ட்கூட முடிஞ்சிருக்காது. நாளைக்கு காலையில அப்பாவையும் கூட்டிக்கிட்டு புது பஸ் ஸ்டாண்டுல நாகர்கோவில் வண்டி ஏறுங்க, வள்ளியூர் நிக்கும்னு கண்டக்டர்ட்ட கேட்டுட்டு ஏறணும், பாதி வண்டி பைபாஸ்லயே போயிரும். டேப்ப மறந்துராதீங்க. அங்க ஆபீஸ்ல யாரையும் பாக்குறதுக்கு முந்தி சைட்ல மேஸ்திரி யாருன்னு கேட்டு அவர்ட்ட பத்து நிமிஷம் அப்பாவ பேச விடுங்க.